பால் காய்ச்சிய மறுநாள்: சென்னையில் குழாய், கம்பம், குப்பை எல்லாம் யாருடையது?

மன்னார்குடியிலிருந்து நான் சென்னைக்கு வந்த முதல் மழைக்காலத்தில், வாடகை வீட்டு வாசலில் கறுப்பாகத் தண்ணீர் தேங்கியது. மழைத்தண்ணீர்தான் என்று நினைத்து ஓர் அலுவலகத்தில் போய் மனு எழுதிக் கொடுத்தேன். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மா பால்கனியில் நின்றபடியே கேட்டார்: "தம்பி, ரோட்டுல இருக்கற மூடி வட்டமா, சதுரமா? பாத்தீங்களா?" பார்த்தேன். வட்டம். "அப்ப அது மழைத்தண்ணி இல்லப்பா, டிரெயினேஜ். நீங்க போனதே தப்பான ஆபீஸ்." அவரே ஒரு போன் போட்டார். மாலைக்குள் லாரி வந்து அடைப்பை எடுத்துவிட்டுப் போனது.

சின்ன ஊரில் தண்ணீர், சாக்கடை, குப்பை எல்லாவற்றுக்கும் ஒரே நகராட்சி அலுவலகம். சென்னையில் உங்கள் வாசலில் இருந்து தெருமுனை வரைக்குள் மூன்று நான்கு துறைகள் இருக்கும். எது யாருடையது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் நல்ல அதிகாரியே இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் புதிதாகக் குடிவருபவர் செய்ய வேண்டியதை, செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

முதலில்: நீங்கள் இருப்பது எந்த உள்ளாட்சி?

முகவரியில் சென்னை என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். 600 என்று தொடங்கும் பின்கோடு தபால்துறையின் கணக்கு, மாநகராட்சியின் கணக்கு வேறு. பழைய மகாபலிபுரம் சாலையில் செம்மஞ்சேரி வரை பெருநகர சென்னை மாநகராட்சி. அதைத் தாண்டி வரும் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் எல்லாம் ஊராட்சியாக வளர்ந்த இடங்கள். போரூர் உள்ளே, அடுத்த நிறுத்தமான ஐயப்பன்தாங்கல் வெளியே. பள்ளிக்கரணை உள்ளே, அதற்குத் தெற்கே மேடவாக்கம் வெளியே. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் மூன்றும் 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகின்றன. ஆவடி 2019-இலிருந்து தனி மாநகராட்சி. பூந்தமல்லி, மாங்காடு நகராட்சிகள். வீட்டுத் தரகர் எல்லாவற்றையும் "சிட்டி லிமிட்தான் சார்" என்பார். அவர் தொழில் அது.

சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழையது. 2011-இல் சுற்றியிருந்த நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டபோது அதன் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 15 மண்டலம், 200 வார்டு என்று பிரித்தார்கள். மண்டல எல்லைகளைத் திருத்துவது அவ்வப்போது நடக்கிற வேலை. ஆகவே மாநகராட்சி இணையதளத்தில் உங்கள் தெருப் பெயரைப் போட்டு மண்டலத்தையும் வார்டையும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெருப் பெயர்ப்பலகையிலும் எழுதியிருக்கும், ஆனால் பலகை 2011-க்கு முந்தையது என்றால் அதிலுள்ள எண் இப்போது செல்லாது.

இன்னொரு சென்னைக் குழப்பம் கதவு எண். பல தெருக்களில் வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். இ.பி. கார்டில் ஒன்று, சொத்து வரி ரசீதில் இன்னொன்று இருந்தால் பயப்பட வேண்டாம், எந்த மனுவிலும் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது: மூன்று எண்களை வாங்கிக்கொள்ளுங்கள்

சாவி வாங்கும் நாளிலேயே வீட்டுக்காரரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள். மின் இணைப்பு எண், சொத்து வரி மதிப்பீட்டு எண், மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத்தின் நுகர்வோர் எண். பின்னால் கேட்டால் "அது எங்கயோ பீரோல இருக்கு" என்பார்கள். கடைசி இரண்டும் பெரும்பாலும் மண்டல எண், வார்டு எண் என்றே தொடங்கும். வாடகைக்கு இருப்பவருக்குச் சொத்து வரி எதற்கு என்று தோன்றலாம். வரி வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும். ஆனால் புகார் கொடுக்கும்போது இந்த எண் இருந்தால் உங்கள் வீடு எங்கே என்பதில் சந்தேகமே வராது.

மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், கரண்ட் போய் போனில் சார்ஜும் இல்லாத நேரத்தில்தான் அது தேவைப்படும்.

மூன்றாவது: தண்ணீர்

இந்த ஊரில் வீடு பார்ப்பது என்றால் தண்ணீர் பார்ப்பதுதான். மற்றதெல்லாம் அப்புறம். சென்னைக்குத் தண்ணீர் தருவதும் கழிவுநீரை எடுப்பதும் மாநகராட்சி அல்ல, 1978-இல் தனியாக அமைத்த சென்னைக் குடிநீர் வாரியம். எல்லோரும் மெட்ரோ வாட்டர் என்பார்கள், தலைமை அலுவலகம் சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம் என்கிற புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள், கடலூர் மாவட்டத்திலிருந்து வரும் வீராணம் நீர், ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் என்று பல இடத்துத் தண்ணீர் கலந்து வருகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. அந்தக் கோடையை இங்கே கழித்தவர்கள் இன்றும் குடத்தைக் காலியாக வைக்க மாட்டார்கள்.

வீட்டில் வரும் தண்ணீர் மூன்று வகை: மெட்ரோ தண்ணி, போர் தண்ணி, லாரி தண்ணி. குடிக்க 20 லிட்டர் கேன் வாங்குவது நாலாவது. வீடு பார்க்கப் போகும்போது இதையெல்லாம் கேளுங்கள். மெட்ரோ லைன் இந்த வீட்டுக்குள் இருக்கிறதா, தெருவோடு நிற்கிறதா? தினமும் வருகிறதா, ஒருநாள் விட்டு ஒருநாளா, எத்தனை மணிக்கு? சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி, எத்தனை லிட்டர், எத்தனை வீட்டுக்குப் பொது? கோடையில் லாரி வாங்கினால் காசை யார் கொடுப்பது? கடைசிக் கேள்விக்கான பதிலை வாடகை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஏப்ரல் மாதத்தில் அடுக்குமாடி வீடுகளில் நடக்கும் சண்டைகளில் பாதி இதனால்தான்.

பதிலை நம்பாமல் குழாயையும் பாருங்கள். குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு வாளி பிடித்து வையுங்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அதை மறுபடி பாருங்கள். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் போல மின்னி, நிறம் லேசாகப் பழுப்பேறியிருந்தால் இரும்புச்சத்து. குழாய் முனையிலும் பக்கெட் ஓரத்திலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்பு. கையில் சோப்புப் போட்டுப் பாருங்கள், நுரை சரியாக வராவிட்டாலும் அதே கதைதான். உப்புத் தண்ணீரில் குடித்தனம் நடத்தலாம், நானும் நடத்தியிருக்கிறேன். கீசரும் வாஷிங் மெஷினும்தான் சீக்கிரம் போய்ச் சேரும்.

மெட்ரோ தண்ணீர் பெரும்பாலும் விடியற்காலையில் வரும். சம்பில் விழுந்து, அங்கிருந்து மோட்டார் வழியாக மேல்தொட்டிக்கு ஏறும். தெருக் குழாயிலேயே நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி தவறு. பக்கத்து வீட்டுக்குச் சொட்டுகூடப் போகாது என்பதால், சட்டத்தை விட அக்கம்பக்கத்தார்தான் முதலில் வருவார்கள்.

தண்ணீர் வரவில்லை, கலங்கி வருகிறது, கழிவுநீர் நாற்றம் அடிக்கிறது என்றால் 1916 அல்லது 044-45674567. நாற்றம் என்றால் அன்றைக்கே சொல்லுங்கள், குடிநீர்க் குழாயில் எங்கோ விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். சரிசெய்யும் வரை சம்ப்பில் விழும் வால்வை மூடி வையுங்கள். லாரித் தண்ணீர் வேண்டுமானால் வாரிய இணையதளத்திலேயே முன்பதிவு செய்யலாம். தனியார் லாரியை விட விலை குறைவு. ஆனால் கோடையில் வரிசை நீளும், சம்ப் காலியான பிறகு பதிவு செய்தால் பயனில்லை. கால்வாசி இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

வாரியத்துக்கு ஒவ்வொரு வார்டிலும் ஒரு பணிமனை உண்டு, பேச்சில் டிப்போ. திரும்பத் திரும்ப வரும் பிரச்சினை என்றால் போன் போதாது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை காலை பகுதி அலுவலகங்களில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். அதற்கு நேரில் போங்கள். பழைய புகார் எண்களைத் தேதியோடு எழுதி எடுத்துப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தால் தண்ணீர் அந்தந்த உள்ளாட்சியின் பொறுப்பு. அங்கே பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்கள் நிறைய. எல்லைக்குள்ளேயே பின்னால் சேர்ந்த சில பகுதிகளிலும் அப்படித்தான். வீட்டுக்குக் கீழே செப்டிக் டேங்க்தான் இருக்கிறது என்றால் அதன் கொள்ளளவையும், கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். சுத்தம் செய்ய 14420-ஐ அழைக்கலாம். ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வது 2013 சட்டப்படி குற்றம். "ரெண்டு பையன் இருக்கான் சார், இறங்கிப் பாத்துடுவான்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விஷவாயுவில் செத்தவர்கள் இந்த ஊரில் கொஞ்சம் பேர் இல்லை.

நான்காவது: கரண்ட்

மின்சாரம் மட்டும் எந்த உள்ளாட்சியில் இருந்தாலும் ஒரே நிறுவனம். மின்வாரியம் 2010-இல் டான்ஜெட்கோ ஆனது, 2024-இல் பகிர்மானத்துக்குத் தனிக் கழகம் என்று பெயர் மாறியது. ஊர் வாயில் என்றும் இ.பி.தான்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், அது வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். இதில் புதிதாக வருபவருக்குப் புரியாத ஒரு படி இருக்கிறது, 500 யூனிட். 500 வரை ஒரு கட்டண அட்டவணை. ஒரு யூனிட் தாண்டி 501 ஆனாலும் அட்டவணையே மாறிவிடும். 101-இலிருந்து 200 வரை கிட்டத்தட்டப் பாதி விலைக்குக் கிடைத்த சலுகை போய்விடும், மேலே வரும் யூனிட்டுக்கும் விலை அதிகம். இரண்டு மாதத்துக்கு 500 என்றால் நாளுக்கு எட்டு யூனிட்டும் கொஞ்சமும். ஏசி ஓடும் மே மாதத்தில் வாரத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். திரை மாறி மாறி எண்களைக் காட்டும், அதில் கே.டபிள்யூ.எச். என்று வரும்போது இருக்கும் எண்தான் உங்களுக்கு வேண்டியது. கார்டில் எழுதிய பழைய அளவை அதிலிருந்து கழித்தால் கணக்கு வந்துவிடும்.

வீட்டுக்காரர் தனி இணைப்பு தராமல் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குவதும் இங்கே சகஜம். அப்படி இருந்தால் அந்த இலவச 100 யூனிட் உங்களுக்குக் கிடைக்காது. வாடகை ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் அதைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று: வாடகைத் தகராறு எதுவாக இருந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத் தெளிவாகத் தடுக்கிறது.

கரண்ட் போனால் முதலில் உங்கள் வீட்டு டிரிப்பர் விழுந்திருக்கிறதா பாருங்கள். பக்கத்து வீட்டில் கரண்ட் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் ஃபேஸ் போயிருக்கும். 94987 94987, இ.பி.யின் புகார் மையமான மின்னகம். 24 மணி நேரமும் எடுப்பார்கள், மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள். ஃபிரிட்ஜ் கதவுத் தாள் இங்கேதான் கைகொடுக்கும். காலை 9 மணிக்குப் போய்ப் பகல் 2 மணிக்கு வருகிறது என்றால் அது பராமரிப்பு நிறுத்தம், முதல்நாள் செய்தித்தாளிலேயே ஏரியாப் பெயரோடு போட்டிருப்பார்கள்.

"இன்றிரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்" என்று போனில் செய்தி வரும். வந்தே தீரும். அது மோசடி. அழைக்காதீர்கள், அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். பில் பாக்கி இருக்கிறதா என்று கழகத்தின் இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதும்.

ஐந்தாவது: தெருவில் எது யாருடையது

சதுரமாகவோ நீள்சதுரமாகவோ சிமெண்ட் மூடி போட்டு ஓரமாகப் போவது மழைநீர் வடிகால், அது மாநகராட்சி. நடுரோட்டில் வட்ட மூடி கழிவுநீர், அது மெட்ரோ வாட்டர். எதிர்வீட்டு அம்மா சொன்ன இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் இ.பி.யைக் கூப்பிடாதீர்கள், விளக்கு மாநகராட்சியுடையது. கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைச் சேர்த்துச் சொன்னால் ஆள் தேடி அலைய மாட்டார். தெருவோரச் சாம்பல் நிற இரும்புப் பெட்டி, அதாவது பில்லர் பாக்ஸ், இ.பி.யுடையது. கதவு திறந்து கிடந்தால் தள்ளி நின்று மின்னகத்தைக் கூப்பிடுங்கள்.

ரோட்டைத் தோண்டுபவர் ஒருவர், மூடுபவர் இன்னொருவர். குழாய்க்காகவோ கேபிளுக்காகவோ மற்ற துறை வெட்டினாலும், உட்புறச் சாலையைச் சரிசெய்வது மாநகராட்சிதான். பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன, நூறடி சாலை அப்படி. குப்பை, கொசு, தெருநாய், பூங்கா, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் மாநகராட்சி.

மாநகராட்சிக்குப் புகார் எண் 1913. ரிப்பன் கட்டடம் திறந்ததும் 1913-இல்தான், இப்படி நினைவில் வைத்தால் மறக்காது. போனிலும் சொல்லலாம், நம்ம சென்னை செயலியிலும் படத்தோடு போடலாம். எனக்குச் செயலிதான் பிடிக்கும், ஏனென்றால் படமும் இடமும் பதிவாகிவிடும். வேலை நடக்காமலே முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தால், அதே இடத்தில் நின்று புதுப் படம் எடுத்து, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வார்டு கவுன்சிலரைப் பாருங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100 இருக்கிறது, ஆனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் அங்கே போனாலும் மனு சுற்றிக்கொண்டு அதே வார்டு அலுவலகத்துக்குத்தான் வந்து சேரும்.

குப்பை வண்டி காலையில் வரும். ஈரக்கழிவு ஒரு டப்பா, உலர்கழிவு ஒரு டப்பா. நாப்கின், டயப்பர், உடைந்த டியூப்லைட், பழைய மாத்திரை இவையெல்லாம் தனியாகத் தாளில் சுற்றி. வண்டியோடு வருபவர் கையால்தான் பிரிக்கிறார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் கண்ணாடித் துண்டை யாரும் சும்மா போட மாட்டார்கள். வந்த முதல் வாரத்தில் அவரிடம் நேரம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அக்டோபர் வந்தால்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முதல் மாடி வரை படகு வந்த தெருக்கள் உண்டு. குடிவருவதற்கு முன் தெருமுனை டீக்கடையில் "2015-ல இங்க எவ்வளவு தண்ணி?" என்று கேளுங்கள். முட்டி, இடுப்பு என்று கையை வைத்தே காட்டுவார்கள், வீட்டுக்காரர் சொல்வதை விட அந்தக் கை நம்பகமானது.

தரைத்தளத்தில் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, சம்ப் மூடி தெருமட்டத்துக்கு மேலே இருக்கிறதா பாருங்கள். தெருவில் தண்ணீர் நின்றால் இ.பி.யே கரண்டை நிறுத்திவிடும். அது பழுதல்ல, தரைக்கடியில் கேபிள் போகும் ஊரில் அதுதான் பாதுகாப்பு. அந்த நேரத்தில் மின்னகத்தில் கோபப்பட்டுப் பயனில்லை. மழைநீர் சம்புக்குள் போய்விட்டால் வடிந்த பிறகு காலி செய்து கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பின்தான் மறுபடி நிரப்ப வேண்டும்.

வீடு வாங்கியவருக்கு

சுருக்கமாக: பத்திரம் பதிந்துவிட்டால் எல்லாம் உங்கள் பெயருக்கு வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சொத்து வரிக்கு மாநகராட்சி, குடிநீர் வரிக்கு மெட்ரோ வாட்டர், மின் இணைப்புக்கு இ.பி. என்று தனித்தனியாகப் பெயர் மாற்ற வேண்டும். பட்டாவுக்கு வருவாய்த் துறை. வாங்குவதற்கு முன்பே மூன்றிலும் பாக்கி இல்லை என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள், விற்றவரின் பழைய பாக்கி வீட்டோடு சேர்ந்துதான் வரும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலுக்குள்ளோ அக்டோபருக்குள்ளோ கட்டிவிட்டால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை தள்ளுபடி கிடைக்கும். குடிநீர் வரியும் கட்டணமும் அதில் சேராது, தனியாகக் கட்ட வேண்டும்.

காலி செய்யும் நாளில்

மீட்டரைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். குடிவந்த நாளிலும் இப்படி ஒரு படம் எடுத்திருந்தால் கணக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், அட்வான்ஸில் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளை மட்டும் கிழித்துப் போடாதீர்கள். அடுத்து வருபவருக்கு அங்கேயே சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள்.